மோட்டார் ரூமில் ஜெர்மன்காரர்கள்

நான் கேட்பது பாட்டுத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஒறம்பரையில், சொந்தபந்தத்தில், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் இலை விழுவதற்கு முன்பே யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏம்மிணி, நீ என்னமோ மில்லு ஓடற சத்தத்தையெல்லாம் பாட்டுன்னு கேக்கறயாமா?"

கூடவே நாலு பேர் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் பதில் சொல்லாமல் விடமாட்டேன். "ஆமாங்க, மில்லுச் சத்தந்தானுங்க. உங்க ஊட்டு டி.வி. சத்தத்துக்கு அது எவ்வளவோ தேவலைங்க" என்பேன். அப்புறம் அந்தப் பந்தியில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

நான் நல்லேப்பிள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது கோவிந்தாபுரம் பக்கம். பாலக்காட்டுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊர்களில் ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், சண்டை தமிழில் நடக்கும். என் கணவர் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். மாமனார் போன பிறகு சொத்தைப் பிரித்ததில், தென்னந்தோப்பு கணவரின் அண்ணனுக்கு, அதாவது என் மச்சாண்டாருக்குப் போனது. நெல் வயல் மாமியார் பேரில் நின்றது, அவர் காலத்துக்குப் பிறகு எங்களுக்கு என்று பேச்சு. கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் தோப்புக்கு, மறுநாள் வயலுக்கு என்று முறை வைத்து இறைத்துக்கொள்வோம். கரண்ட் வரவில்லை, காய்ச்சல் வந்தது என்று நம் முறை தவறிப் போனால் போனதுதான். அதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் கிடையாது. கூட்டுக் கிணறு இருக்கிற எல்லாக் குடும்பத்திலும் எங்கள் பக்கம் இதுதான் நடப்பு.

அந்த வயலை நான்தான் பார்த்தேன். விதை வாங்குவது, வரப்பு வெட்டுவது, நடவுக்கு வங்காளத்து ஆட்களைப் பேசிக் கூட்டிவருவது, கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீசில் போய் மலையாளத்தில் மல்லுக்கட்டுவது, எல்லாம் நான். மச்சாண்டாருக்கு அது ஆரம்பத்திலிருந்தே தொண்டையில் சிக்கிய முள். "பொம்பள பாக்கற வெள்ளாமையா இது? குத்தகைக்கு உட்டுப்போட்டு நிம்மதியா இருங்க" என்று போகத்துக்குப் போகம் மாமியாரிடம் சொல்வார். மாமியார் ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். ஆக, ஒவ்வொரு அறுப்பு முடியும்போதும் எனக்கு ஒரே பயம்தான். அடுத்த போகம் இந்த வயல் என் கையில் இருக்குமா, பிடுங்கிக்கொள்வார்களா? அந்த வயலில் இறங்கி நிற்கும்போது மட்டும்தான் நான் இன்னாருடைய மருமகள், இன்னாருடைய பெண்டாட்டி என்பது எனக்கு மறந்திருக்கும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

பாட்டு வந்தது தலைவலியால். மூன்று மழைக்காலத்துக்கு முன்பு எனக்கு ஒற்றைத் தலைவலி வந்து உயிரை எடுத்தது. சித்தூர் டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, "அமைதியான இசை ஏதாவது கேளுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து போனில் தியான இசை என்று தேடிப் போட்டேன். புல்லாங்குழல், தண்ணீர் சலசலப்பு, குருவிச் சத்தம். அட, குருவிச் சத்தம் கேட்க எனக்கெதற்குப் போன்? வாசலுக்கு வந்தால் போதாதா? எரிச்சலோடு போனைத் திண்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அது தன்பாட்டுக்கு ஒன்று முடிந்து அடுத்தது, அடுத்தது என்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

கண் விழித்தபோது அறைக்குள் என்னமோ நடந்துகொண்டிருந்தது. எட்டோ பத்தோ சுரம், கோத்த மணி மாதிரி, ஒரே வரிசையில் சுற்றிச் சுற்றி வந்தது. யாரும் பாடவில்லை. முதலில் ரெக்கார்டு சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். பிறகு கவனித்தால், அந்த வரிசை கொஞ்சங் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தது. எப்போது மாறியது என்று பிடிக்க முடியவில்லை. அடியில் ஒரு கனத்த முனகல் எழும்பி அறை முழுக்க நிறைந்தது. நான் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை கேட்டேன். அரை மணி நேரம் இருக்கும். மாமியார் அடுப்பில் வைத்துவிட்டுப் போன பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்திருந்தது. தலைவலி போயிருந்ததா என்று கேட்காதீர்கள், அது எனக்கு ஞாபகமே இல்லை.

எடுத்துப் பார்த்தால் ஜெர்மனிக்காரர்கள். நான் பிறப்பதற்கு முன்பு வாசித்தது. முடியை வளர்த்துக்கொண்டு, வயர்களுக்கு நடுவே, பெட்டி பெட்டியாக மெஷின்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிலிருந்து அடுத்தவர்களைப் பிடித்தேன். அவர்கள் கிதாரும் டிரம்ஸும் வைத்திருந்தார்கள். ஆனால் டிரம்ஸ் அடிப்பவர் ஒரே அடியைப் பிடித்துக்கொண்டு, அலங்காரம் கிலங்காரம் ஒன்றும் இல்லாமல், போகிறார், போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம்முடைய சினிமாப் பாட்டில் பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. எங்கே போனாலும் கடைசியில் வீட்டுக்கு வந்தாக வேண்டும். இவர்கள் வீட்டுக்குத் திரும்புகிற எண்ணமே இல்லாமல் கிளம்பியவர்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை அன்று யாரிடமாவது சொல்லியிருந்தால், இவளுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றிருப்பார்கள்.

அப்புறம் ஒரு வெறி பிடித்துத் தேடினேன். போனிலேயே தமிழில் மாற்றி மாற்றிப் படித்தேன். அந்தப் பிள்ளைகளுடைய அப்பன்மார்கள் ஒரு பெரிய யுத்தத்தை நடத்தித் தோற்று, செய்த பாவத்தைப் பற்றி வாயே திறக்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்களாம். அப்பன் கேட்ட பாட்டும் இவர்களுக்கு வேண்டாம். ஜெயித்த நாட்டுக்காரன் கொண்டுவந்து கொட்டிய பாட்டும் வேண்டாம். இரண்டையும் தள்ளிவிட்டு, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கிடைத்த மெஷினைத் திறந்து பார்த்து, இல்லாததைத் தாங்களே பற்றவைத்துச் செய்து, டேப்பை வெட்டி ஒட்டி. அன்றைக்கு அவர்கள் ஊரிலேயே பாதிப் பேர் அவர்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கூடப் படித்த தெற்கத்தித் தோழி ஒருத்தி சின்னக்கானல் மலையில் இருக்கிறாள், டீ பேக்டரியில் கணக்கு எழுதுகிறாள். அவளுக்கு ஒன்றை அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டாள். "ஏட்டி, என்னடி இது, எங்க பேக்டரில இலை அரைக்கிற மெஷின் ஓடுத மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உடனே அவளே, "வையாதடி. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்லா. இன்னும் ரெண்டு அனுப்பு" என்றாள். உலகத்தில் என் கட்சியில் இருந்தது அவள் ஒருத்திதான்.

வீட்டில் நிலைமை வேறு. நான் போனில் கேட்கும்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் பட்டறையில் வேண்டாமென்று போட்டிருந்த ஒரு பழைய ஆம்பிளிபயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் சரிபண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷன், அதில் குறையில்லை. பென்டிரைவில் ஏற்றி முதல் நாள் போட்டேன். மாமியார் பூஜை அறையிலிருந்து விளக்குத் திரியோடு ஓடிவந்தார்.

"என்ன கருமம் அம்மிணி இது? நெஞ்சுக்குள்ள பூந்து திருவறாப்ல இருக்குது. நிறுத்து சாமி."

"பாட்டுங்க அத்தை. ஜெர்மன்காரங்க பாட்டுங்க."

"அவனென்ன சொல்றான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அய்யரு சொல்ற மந்திரம் உங்களுக்குத் தெரியுமாங்க?"

ஒரு நிமிஷம் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "இந்தப் பெட்டி ஊட்டுக்குள்ள இருக்கப்படாது. மோட்டார் ரூமுல கொண்டு போய் வெச்சுக்கோ. அங்க யாரு காதுல விழுகப் போவுது?"

அப்படித்தான் ஜெர்மன்காரர்கள் எங்கள் மோட்டார் ரூமுக்குக் குடிபோனார்கள். உரச் சாக்குகளுக்குப் பின்னால் பெட்டியை வைத்து, மோட்டாருக்குப் போகும் அதே போர்டிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்தேன். என் முறை வரும் நாட்களில் மோட்டாரைப் போட்டுவிட்டு, கூடவே பாட்டையும் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு வயலில் இறங்குவேன். அந்த டிரம்ஸ் அடிக்கு மடை திருப்பிப் பார்த்தால்தான் தெரியும் அதன் அருமை. கை ஓயாது. நடவுக்கு வந்த வங்காளத்துப் பையன்கள் முதல் நாள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் நான் பாட்டுப் போட மறந்தபோது, ஒருத்தன் மோட்டார் ரூமைக் காட்டி, "சேச்சி, மியூசிக்" என்றான். மச்சாண்டாரிடம் இதைச் சொல்லிக் காட்டினேன். "அவனுக கூலிக்கு வந்தவனுக, நீ எதைப் போட்டாலும் நல்லா இருக்குதும்பானுக" என்றார்.

அந்த வருஷம் ரெண்டாம் போகத்தில் கால்வாய்த் தண்ணீர் சீக்கிரமே நின்றுவிட்டது. கதிரில் பால் பிடிக்கிற சமயம். அந்தச் சமயத்தில் தண்ணீர் தவறினால் நெல் பதராகிவிடும், வெறும் தோல்தான் மிஞ்சும். கீழ் வயல் ஈரமாக இருந்தது. மேட்டு வயல்தான் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. அன்று என் முறை. விடிந்ததும் மோட்டாரைப் போட்டேன், பாட்டையும் போட்டேன், மேட்டு வயலுக்குப் போய் மடை வெட்டித் தயாராக நின்றேன். வாய்க்காலில் தண்ணீர் நெளிந்து நெளிந்து வந்தது. மேட்டு வயலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கேயே நின்றுபோனது.

மோட்டார் ரூமில் நடந்ததை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மச்சாண்டார் தேங்காய் லோடு விஷயமாகக் கோவிந்தாபுரத்துக்குப் பைக்கில் கிளம்பியிருக்கிறார். கிணற்றைத் தாண்டும்போது காதில் ஒரு சத்தம். ஊய்ங் என்று மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற சத்தம். கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்று வாங்கினால் அப்படித்தான் கத்தும். அதை அப்படியே விட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துபோகும். பிறந்ததிலிருந்து மோட்டார் சத்தம் கேட்டு வளர்ந்த காது அது, யோசிக்கவெல்லாம் நேரம் கொடுக்காது. தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து ஓடும். பைக்கைப் போட்டுவிட்டு ஓடி, மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறார். மோட்டார் நின்றது. ஒரே போர்டு அல்லவா, பாட்டும் நின்றது. ஊய்ங் சத்தம் பட்டென்று அடங்கியதும், மோட்டார்தான் கத்தியது என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. நான் தெரியாமல் மறுபடி போட்டு எரித்துவிடுவேன் என்று ரூமைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, குடும்பச் சொத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு கோவிந்தாபுரம் போய்விட்டார்.

நான் ஓடிவந்து பார்த்தால் கதவில் பூட்டு. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மாநில எல்லையில் டவர் மாறும்போது எங்கள் பக்கத்துப் போன் எதுவும் வேலை செய்யாது. மோட்டார் ரூம் வாசலில் நின்று நான் திட்டிய திட்டில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கீழே கிடந்த கருங்கல்லை எடுத்துப் பூட்டை உடைக்கக் கையை ஓங்கினேன். மாமியார் வந்து கையைப் பிடித்தார்.

"மூத்தவன் போட்ட பூட்டு அம்மிணி. உடைச்சீன்னா ஊடு ரெண்டாயிரும். அவன் வரட்டும், பொறு."

பொறுத்தேன். அவர் சாயங்காலம் வந்தார். வரும்போதே குரல் பெரிதாக இருந்தது. "நல்ல வேளை அம்மிணி, நான் பாத்தேன். இல்லாட்டி இந்நேரம் மோட்டாரு கரியாயிருக்கும். நாளைக்கு மெக்கானிக்கு வர்றான்."

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார், பார்த்தார், கிணற்றை எட்டிப்பார்த்தார். தண்ணீர் இருந்தது. மெயினைப் போட்டார். மோட்டாருக்கு முன்னால் ஆம்பிளிபயர் கிளம்பிவிட்டது. சாக்குக்குப் பின்னாலிருந்து ஊய்ங் என்று ஏறி இறங்கியது அந்தச் சத்தம். மெக்கானிக் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். பிறகு சாக்கை நகர்த்திப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கு நிறுத்த முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன், வயிறு எரிந்துகொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டேன். மச்சாண்டார் மட்டும் சிரிக்கவில்லை. காதெல்லாம் சிவந்துபோய் நின்றார்.

அவர் அப்போது, "போச்சாது அம்மிணி, தப்பு ஆகிப்போச்சு, நேத்துக்குப் பதிலா இன்னைக்கு நீயே எறைச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான்தான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளு மாத்திக் குடுங்க. மேட்டு வயலு காயுதுங்க. நாளைக்கு நீங்க எடுத்துக்கங்க."

"முறைன்னா முறைதான் அம்மிணி. நம்மூட்ல என்னைக்கு முறை மாத்தியிருக்கறோம்?"

அன்று முழுக்கத் தென்னந்தோப்பில் தண்ணீர் வட்டம் வட்டமாக நிறைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தென்னை ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் செத்துவிடாது. அடுத்த நாள் என் முறை. வோல்டேஜ் இல்லை. மோட்டார் முனகிவிட்டு நின்றது. மறுபடி அவர் முறை. எனக்குத் தண்ணீர் கிடைத்தபோது மேட்டு வயல் கதிர்கள் விறைத்து நேராக நின்றன. மணி பிடித்த கதிர் தலை சாயும். நேராக நிற்பது பதர்.

அறுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மச்சாண்டார் எங்கள் வீட்டுக்கு வந்து மாமியாருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கணவர் ஊரில் இருந்தார். வரப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். கதவோரம் நிற்காமல் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, மேட்டு வயலு பூராப் பதரு. கேட்டா என்ற மேல பழியப் போடுவாங்க. மோட்டாரு ரூமுல அந்தக் கெரகத்தப் போட்டு ஊளையுட வெச்சது யாரு? வெள்ளாமை பண்றவங்களுக்கு வெள்ளாமையில நெனப்பு இருக்கோணும். பாட்டுல இருந்தா இப்படித்தான். மீனாட்சிபுரத்துப் பக்கம் ஒரு ஆளு இருக்கறான். குத்தகைக்குக் கேக்கறான். உட்றலாம்."

பூட்டியது அவர், முறை மாற்ற மாட்டேன் என்றது அவர், பழி ஜெர்மன்காரர்களுக்கும் எனக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் என் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"எதுக்கு வம்பு? அந்தப் பாட்டை இனிமேப் போடறதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. அண்ணனும் உட்ருவாரு. வயலு உங்கிட்டவே இருக்கட்டும்."

மச்சாண்டார் மறுக்கவில்லை. மாமியாரும் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் வயல் எனக்கு. சும்மா சொல்லிவிட்டு, போனில் காதுக்குள் வைத்துக் கேட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அந்த யோசனையும் எனக்கு வந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நொடியே எனக்கு அப்படி ஒரு கோபம் பொங்கியது. இன்றைக்குப் பாட்டை விடு என்பார்கள். நாளைக்கு இந்த விதை வேண்டாம், அந்த விதை போடு என்பார்கள். நாற்காலியில் உட்காராதே என்பார்கள். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துவிட்டு, கடைசியில் நான் எந்த வயலைக் கையில் வைத்திருப்பேன்? அது அவர்கள் வயலாகத்தான் இருக்கும், நான் அதில் சம்பளமில்லாத ஆளாக இருப்பேன்.

"முடியாதுங்க" என்றேன். "பாட்டையும் உடமாட்டேன், வயலையும் உடமாட்டேன்."

"இதென்ன திமுரு?" என்றார் மச்சாண்டார்.

"திமுருதானுங்க" என்றேன். பிறகு அவரிடமே கேட்டேன். "ஏனுங்க, அந்த மீனாட்சிபுரத்து ஆளு என்ன பாட்டுக் கேப்பாருங்க?"

அவருக்குப் புரியவில்லை. "அவன் எந்தக் கருமத்தக் கேட்டா நமக்கென்ன? போகத்துக்குப் போகம் பேசுன நெல்லை அளந்தாச் சரி."

"அவருகிட்ட எத்தனை மூட்டை பேசியிருக்கறீங்களோ, அதே நான் அளக்கறனுங்க. பதராப் போனாலும் வெளியில வாங்கியாச்சும் அளக்கறேன். குத்தகைக்கு உடறதுன்னு முடிவாயிருந்தா எனக்கு உடுங்க."

கணவர் என்னைப் புதிதாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். மச்சாண்டார் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மாமியார்தான் கேட்டார். "ஊட்டு மருமவளே குத்தகைக்காரியா? ஊருல கேட்டாக் காறித் துப்ப மாட்டாங்களா?"

"துப்பட்டுமுங்க அத்தை. மருமவள்னு இருக்கறதுனாலதான எம்பட பாட்டு, எம்பட பெட்டி, எம்பட நெனப்புன்னு எல்லாத்தையும் கேக்கறீங்க. குத்தகைக்காரிகிட்ட நெல்லை மட்டும் கேளுங்க."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை. மச்சாண்டார், "அம்மா, இது நடக்கற காரியமா" என்று ஆரம்பித்தார். மாமியார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"மோட்டாரு ரூமுக்கு ரெண்டு சாவி போடு. ஒண்ணு அவகிட்டக் குடு" என்றார் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. சந்தையில் வியாபாரியிடம் பேசுகிற முகம்.

"நெல்லு ஈரமில்லாம அளக்கோணும். கருக்காய், பதரு இருந்தா நான் வாங்க மாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்."

"காய வெச்சு, தூத்தித்தானுங்க அளப்பேன்" என்றேன்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒருத்தர் என்னிடம் நெல்லைப் பற்றி மட்டும் பேசியது அன்றைக்குத்தான்.